புள்ளி இல்லாத பிரேம்கள்

1. நாலாவது செய்தி

சிவகாசி நிருபராக நான் பொறுப்பேற்ற அன்று, விருதுநகர் அலுவலகத்தில் பீரோ சீஃப் ராஜாமணி சார் எனக்குச் சொன்ன அறிவுரை ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் முடிந்துவிட்டது.

"அங்கன மூணே செய்திதான்யா. வெடிச்சா ஒண்ணு. மழை பெஞ்சா ஒண்ணு. தீபாவளிக்கு லோடு போனா ஒண்ணு. நாலாவதா எதுவும் கெடச்சா எனக்குப் போன் பண்ணு. நான் நம்ப மாட்டேன், இருந்தாலும் பண்ணு."

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. செய்திக் காப்பியைக் கையால் எழுதி, எஸ்.டி.டி. பூத்தில் ஃபேக்ஸ் கொடுப்போம். படம் என்றால் ஃபிலிம் ரோலைக் கவரில் போட்டு பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்ப வேண்டும். மூன்று செய்திகளையும் மாறி மாறி எழுதிக்கொண்டிருந்த எனக்கு, இரண்டாவது வருடம் நாலாவது செய்தி கிடைத்தது. வெம்பக்கோட்டை சாலையில் ஒரு கம்பி மத்தாப்பு கம்பெனியை, அதில் வேலை பார்த்தவர்களே எடுத்து நடத்தப் போகிறார்கள்.

முதலாளி தங்கவேல் அண்ணாச்சி. கொடுமைக்காரர் என்று யாரும் அவரைச் சொன்னதில்லை. கல்யாண வீட்டுக்கு வருவார், காது குத்துக்கு வருவார். மகன்கள் ஆப்செட் பிரஸ் பக்கம் போய்விட்டார்கள். கம்பெனியைப் பெரிய கைக்கு விற்றுவிடலாம் என்று முடிவு செய்தார். வாங்க வந்தவர்களுக்கு இடமும் லைசென்சும்தான் தேவைப்பட்டன, ஆட்கள் தேவைப்படவில்லை. அங்கே வேலை பார்த்த ஐம்பது அறுபது பேரில் பெரும்பாலோர் பெண்கள். அப்பன் பாட்டன் காலத்தில் மானாவாரிக் காட்டில் கூலி வேலை, இப்போது இந்தக் கம்பெனி. இது போனால் மறுபடி காடு. காட்டிலோ மழை இல்லை.

அவர்கள் கூட்டுறவுச் சங்கம் ஒன்றைப் பதிவு செய்தார்கள். தலைவி பேச்சியம்மாள். கம்பி செருகும் வேலையில் பல வருடம் இருந்தவர். அண்ணாச்சி ஒரு சீசன் தவணை கொடுத்தார். கையில் இருக்கும் ஆர்டரைத் தீபாவளிக்கு முன்னால் முழுதாக லோடு ஏற்றி அனுப்பிவிட்டால் இடமும் லைசென்சும் சங்கத்தின் பெயருக்கு மாறும். ஏற்ற முடியாவிட்டால் பெரிய கைக்கே விற்பார்.

"செத்த நேரம் வெளையாடிட்டுத் தரட்டுமேன்னு குடுத்திருக்காக அண்ணாச்சி," என்றார் பேச்சியம்மாள் என்னிடம். "நாங்க திருப்பித் தர்றதா இல்ல."

நான் போன் செய்தேன். ராஜாமணி சார் சொன்னபடியே நம்பவில்லை.

2. வெயில் பிடிப்பது

அடுத்து நடந்தது புரிய வேண்டுமானால் கம்பி மத்தாப்பு எப்படி உருவாகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். கம்பிகளை நெருக்கமாக ஒரு மரப் பிரேமில் செருகுவார்கள். அந்தப் பிரேமை அப்படியே கூழாகக் கரைத்த மருந்தில் முக்கி எடுத்து வெயிலில் காயவைப்பார்கள். காய்ந்ததும் மறுபடி முக்கு, மறுபடி வெயில். மருந்தில் அலுமினியப் பவுடர் இருக்கிறது. அரைகுறையாகக் காய்ந்த பிரேமில் மழைத் தண்ணீர் விழுந்தால் சரக்கு கெடுவது ஒரு பக்கம். நனைந்ததை ஷெட்டுக்குள் அடுக்கினால் அது தானாகச் சூடேறும். சூடேறினால் ராஜாமணி சாரின் முதல் செய்தி தயார்.

அதனால் கம்பெனியின் உயிர் வேலை நடக்கும் ரூமுக்குள் இல்லை. நடுவில் இருக்கும் காயப்போடும் களத்தில் இருந்தது.

அண்ணாச்சி காலத்தில் எல்லாம் பீஸ் ரேட். நல்லபடி காய்ந்து ஷெட்டுக்குள் வந்த பிரேமுக்குத்தான் கூலி. அதனால் ஒவ்வொருத்தியும் தன் பிரேமின் கட்டையில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்திருப்பாள். சிவப்பு ஒருத்தி, ரோஸ் ஒருத்தி, இரட்டைப் புள்ளி ஒருத்தி. களத்தில் வெயில் நன்றாக விழும் இடத்துக்கு அடிதடி. பஸ் சீட்டுக்குத் துண்டு போடுவதுபோல, காலையில் வரும்போதே நல்ல இடத்தில் செருப்பைக் கழற்றிப் போட்டு இடம் பிடிப்பார்கள். இதற்கு வெயில் பிடிப்பது என்று பெயர். இங்கே ரெண்டு, அங்கே மூன்று என்று கிடைத்த இடத்தில் வைத்ததில், ஒருத்தியின் பிரேம்கள் களம் முழுக்கச் சிதறிக் கிடக்கும்.

சங்கம் வந்ததும் பீஸ் ரேட் போனது. எல்லாருக்கும் ஒரே தினக்கூலி, சீசன் முடிவில் மிச்சத்தில் சம பங்கு. யாருடைய பிரேம் எத்தனை என்று எண்ணும் வேலையே இல்லை. ஆனால் பழைய பிரேம்கள் பழைய புள்ளிகளோடு அப்படியே இருந்தன. அவற்றை அழிக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

3. முதல் மழை

ஆவணி மாதம் ஒரு மதியம். சங்கத்தைப் பற்றிப் பெரிய கட்டுரை எழுதலாம் என்று கேமராவோடு போயிருந்தேன். போர்மேன் ஜெபராஜ் என்னைக் களத்தின் ஓரத்தில் நிறுத்தி, தீப்பெட்டி இருக்கிறதா, செருப்பில் ஆணி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். வெம்பக்கோட்டை அணைப் பக்கமிருந்து மண் வாசத்தோடு காற்று வந்தது. ஜெபராஜ் விசில் ஊதினார்.

எல்லா ரூமிலிருந்தும் பெண்கள் ஓடி வந்தார்கள். பிறகு நான் பார்த்ததை அன்று காப்பியில் எழுதியபடியே சொல்கிறேன்.

வடக்கு ரூமிலிருந்து வந்தவள் தன் காலடியில் இருந்த வரிசையைத் தாண்டிக்கொண்டு தெற்கே ஓடினாள். தெற்கு ரூமிலிருந்து வந்தவள் வடக்கே ஓடினாள். நடுவில் மோதிக்கொண்டார்கள். ஒருத்தி ஒரு பிரேமைத் தூக்கிக் கட்டையைப் பார்த்தாள். ரோஸ் புள்ளி. அவளுடையது சிவப்பு. தூக்கியதை அங்கேயே வைத்துவிட்டு நகர்ந்தாள். மாரிக்கனி என்ற தொழிலாளி, களத்திலேயே சுத்தமான கைவேலை அவளுடையது என்று பெயர், தன் பிரேம்கள் அத்தனையையும் ஷெட் வாசலில் சேர்த்துவிட்டு நிமிர்ந்தாள். அப்போதுதான் பெரிய தூறல் விழுந்தது. ஷெட்டுக்கு மிக அருகில் இருந்த முதல் வரிசை அப்படியே நனைந்துகொண்டிருந்தது. அந்த வரிசைப் பிரேம்களில் புள்ளி வைத்திருந்தவர்கள் அத்தனை பேரும் களத்தின் மறு ஓரத்தில் நின்றார்கள்.

யாருக்கும் காயம் இல்லை. நனைந்த பிரேம்களை ஷெட்டுக்குள் விடாமல் ஜெபராஜ் தனியே ஒதுக்கி, முறைப்படி அழித்தார். அது ஒரு வாரத்து உழைப்பு.

மழை விட்ட பிறகு யாரும் யாரையும் பார்க்கவில்லை. பேச்சியம்மாள்தான் முதலில் பேசினார்.

"ஏன்த்தா, எதுக்கு ஓடுனோம்? புள்ளிக்கா இப்பக் கூலி குடுக்காக?"

"தெரியலக்கா," என்றாள் ஒருத்தி. "காலு தன்னால போச்சு. நானும் போனேன்."

4. டெஸ்க் வைத்த தலைப்பு

பார்த்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதி ஃபேக்ஸ் கொடுத்தேன். செய்தி திருத்தும் டெஸ்க் என் வரிகளைத் தொடவில்லை. தலைப்பு மட்டும் அவர்கள் வைத்தது: 'மழையில் நனைந்தது பொதுவுடைமை.'

ராஜாமணி சாருக்கு ஒரே சந்தோஷம். போனில் கூப்பிட்டார். "பாத்தியாய்யா? இதத்தான் நான் காலேஜ்ல இருந்து சொல்லிட்டு வர்றேன். சோசலிசம் புஸ்தகத்துல நல்லாருக்கும். மனுச குணம்னு ஒண்ணு இருக்குல்ல? அவனவனுக்கு அவனவன் பொருள்தான். முதலாளி கெட்டவன்னு இல்ல. முதலாளித்துவம் மனுச குணத்தைப் புரிஞ்சுக்கிட்டது, அதான் நிக்குது."

களத்தில் நான் பார்த்தது அவர் சொன்னபடிதான் இருந்தது.

பத்திரிகை வந்த மறுநாள் தங்கவேல் அண்ணாச்சி அந்தப் பக்கத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கம்பெனிக்கு வந்தார். கோபம் இல்லாமல், அக்கறையாகத்தான் பேசினார். ஆர்டர் கொடுத்த வடக்கத்தி வியாபாரியின் ஏஜென்ட் பேப்பரைப் பார்த்துவிட்டுக் கேட்டாராம். இன்னொரு தடவை இப்படி ஆனால் ஆர்டர் கைமாறும், தவணையும் முடியும். "ஒங்களாலெல்லாம் முடியாதுன்னு சொல்லல தாயி. மேய்க்கிறதுக்கு ஒரு ஆளு வேணும், அம்புட்டுத்தான்," என்றார்.

பேச்சியம்மாள் அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவைத்தார். பிறகு எல்லாரையும் வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டார். அன்று அங்கே வந்திருந்த நான் கிளம்பப் போனேன். "இரிங்க தம்பி. நனைஞ்சதை எழுதுனீகள்ல, துவட்டுறதையும் பாத்துட்டுப் போங்க," என்றார்.

5. வேப்பமரத்தடி

பிற்பாடு பல சட்டசபை விவாதங்களைப் பார்க்கப் போயிருக்கிறேன். அன்றைக்கு நடந்த அளவுக்கு விஷயத்தை விட்டு விலகாத விவாதத்தை அங்கே பார்த்ததில்லை.

புள்ளிகளை அழித்துவிடலாம் என்றார் பேச்சியம்மாள். முதல் எதிர்ப்பு மாரிக்கனியிடமிருந்து வந்தது.

"நான் அழிக்க மாட்டேன். என் பிரேமுல ஒரு கம்பி சாஞ்சிருக்காது, அது அம்புட்டுப் பேருக்கும் தெரியும். புள்ளிய அழிச்சிட்டா என் வேலையும் சோம்பேறி வேலையும் ஒண்ணாப் போயிரும்."

"சோம்பேறின்னு யாரச் சொல்ற?" என்று ஒரு குரல்.

"தொப்பி யாருக்குப் பொருந்துதோ அவுக போட்டுக்கிடட்டும்."

சிரிப்பு அடங்கியதும் பேச்சியம்மாள் கேட்டார்: "சரி மாரிக்கனி. அண்ணாச்சி இருக்கையில இம்புட்டு சுத்தமா வேல பாத்தியே, ஒனக்கு ஒரு பைசா கூடக் குடுத்தாகளா?"

"இல்ல."

"பெறகு எதுக்குப் பாத்த?"

"சாஞ்ச கம்பிய விட்டுட்டுப் போக மனசு வராது மதினி."

"அந்த மனசு புள்ளியிலயா இருக்கு?"

அடுத்த கேள்வி ஜெபராஜுடையது. புள்ளியை அழித்தாலும் மழை வந்தால் யார் எதை எடுப்பது? ஆளுக்கு ஒரு வரிசை என்று பிரித்துக் கொடுத்தால் அதுவும் ஒரு புள்ளிதானே? கால் பழையபடி தன் வரிசைக்குத்தான் ஓடும். மாரிக்கனி இன்னும் விட்டுக்கொடுக்காமல் நக்கலாகச் சொன்னாள்:

"அப்ப என்ன, மச்சுக்குக் கான்கிரீட் போடுற மாதிரி வரிசையா நின்னு கைமாத்தச் சொல்லுவீகளோ?"

அவள் புருஷன் கான்கிரீட் வேலைக்குப் போகிறவர். சித்தாட்கள் ஏணியிலிருந்து மாடி வரை வரிசையாக நின்று சட்டியைக் கைக்குக் கை மாற்றிவிடுவதை அங்கே இருந்த எல்லாரும் பார்த்திருந்தார்கள். பாதிப் பேர் அந்த வேலையைச் செய்தும் இருந்தார்கள். பேச்சியம்மாள் ஜெபராஜைப் பார்த்தார். ஜெபராஜ் களத்தைப் பார்த்தார். அப்படிக் கைமாற்றினால் யாரும் ஓட வேண்டாம், மோத வேண்டாம், மருந்துப் பக்கம் உரசவும் வேண்டாம்.

"அதத்தான், மாரிக்கனி, நானும் சொல்லுதேன்," என்றார் பேச்சியம்மாள். "நீ சொல்றதத்தான் சொல்லுதேன்."

மறுநாளிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் வெறும் பிரேம்களை வைத்து ஒத்திகை. களத்துக்கும் ஷெட்டுக்கும் நடுவே கைமாற்று வரிசை. கோடியில் நிற்பவர்கள் எது அருகில் இருக்கிறதோ அதை எடுத்து அடுத்த கையில் கொடுக்க வேண்டும். கொளுத்தும் வெயிலில் இதைப் பார்த்து, சாலையில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திச் சிரித்தார்கள். "மழையக் காணல, அதுக்குள்ள மழைக்குப் பயந்துட்டாக" என்று ஊரெல்லாம் பேச்சு.

செருப்புப் போட்டு இடம் பிடிப்பதும் நின்றது. முதலில் மருந்தில் முக்கி எடுத்த பிரேம் முதல் வரிசைக்கு, அவ்வளவுதான் விதி. மூன்றாம் நாள் ஒத்திகையில் மாரிக்கனி தன் கைக்கு வந்த பிரேமின் கட்டையைப் பார்க்கக் குனிந்தாள். அதற்குள் அடுத்த பிரேம் வந்து அவள் வயிற்றில் இடித்தது. வரிசை நின்றது. எல்லாரும் அவளையே பார்த்தார்கள். அன்று சாயங்காலம் தன் பிரேம்களை ஒவ்வொன்றாக எடுத்து, கூரிய கல்லால் புள்ளிகளைச் சுரண்டினாள். யாரும் சொல்லவில்லை. மற்றவர்களுடையதையும் அவளேதான் சுரண்டினாள், அதுவும் சுத்தமாக.

6. இரண்டாவது மழை

ஆர்டரின் கடைசிப் பகுதி களத்தில் கடைசி வெயிலும் பட்டுக் காய்ந்து கிடந்தது. லாரி விஸ்வநத்தம் தாண்டி வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். லோடு போகும் செய்திக்காக நான் வந்திருந்தேன். அதே காரணத்துக்காக அண்ணாச்சியும் காரில் வந்து கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார்.

அணைப் பக்கம் கறுத்தது. ஜெபராஜின் விசில் சத்தம் முடிவதற்குள் எல்லாரும் கைமாற்று வரிசையில் வந்து நின்றுவிட்டார்கள்.

எல்லாரும் வெறுங்கால். ஒருவரும் ஓடவில்லை. பிரேம்கள் களத்திலிருந்து கிளம்பி, கட்டைப் பக்கத்தைப் பிடித்த கைகளில் மிதந்துகொண்டு ஷெட்டுக்குப் போயின. பேச்சே இல்லை. நடுவில் ஒரு குரல் மட்டும் "தா" என்றது, இன்னொரு குரல் "இந்தா" என்றது. கடைசிக் கோடியில் மாரிக்கனி நின்றாள். களம் சுருங்கச் சுருங்க ஒவ்வொரு எட்டாக முன்னே வந்தாள். நான் குடையை விரித்தபடி படம் எடுக்க முன்னால் போனேன்.

"குடைய மடக்கிட்டுத் தள்ளி நில்லுங்க தம்பி," என்றார் பேச்சியம்மாள், கையை நிறுத்தாமல். "வரிசைல நிக்கிறதுன்னா நில்லுங்க. வேடிக்கைக்கு இங்கன எடமில்ல."

தள்ளி நின்றேன். கடைசி பிரேம் ஷெட் வாசலைத் தாண்டியபோது களத்தின் சிமெண்டுத் தரை வெறுமையாக இருந்தது. அதன் பிறகுதான் மழை வந்தது. வானத்தைக் கவிழ்த்தது போலக் கொட்டிய அந்த மழையில் அவர்கள் அத்தனை பேரும் ஷெட்டுக்குள் போகாமல் களத்திலேயே நின்றார்கள். மாரிக்கனி முகத்தை மேலே தூக்கி வாயைத் திறந்து மழையைக் குடித்தாள். யாரோ குலவை போட்டார்கள். பிறகு எல்லாரும் போட்டார்கள்.

லாரி வந்தது. மழை விட்டதும் காய்ந்த சரக்கு பெட்டிக்குள் போய், தார்ப்பாய்க்கு அடியில் லோடு ஏறியது. அண்ணாச்சி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். ஆச்சரியத்தை மறைக்கிற ஆள் இல்லை அவர்.

"எங்கிட்ட இருக்கையில ஒரு நாளும் இப்படி எடுக்கலயே தாயி நீங்க."

பேச்சியம்மாள் ஈர முந்தானையைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "எப்படி எடுப்போம் அண்ணாச்சி? அப்பக் காஞ்சா ஒங்க சரக்கு. நனைஞ்சா எங்க நட்டம்."

தங்கவேல் அண்ணாச்சி சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். மறு வருடம் சங்கத்தின் பெயர் கேட்டில் ஏறியது.

7. எனக்குக் கிடைத்தது

பேச்சியம்மாளின் அந்த இரண்டு வரிகளுக்கு மேல் முதலாளித்துவத்தைப் பற்றி நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை. உழைப்பை ஊரோடு சேர்ந்து செய்ய வைப்பது, பலனை ஒருவர் பெயரில் எழுதுவது, ஆபத்தை மட்டும் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுப்பது. பீஸ் ரேட் என்பது இதுதான். அந்த விதிக்குள் ஒரு பெண்ணை இருபது வருடம் வைத்திருந்துவிட்டு, அவள் தன் பிரேமை நோக்கி ஓடினால் அதற்கு மனுச குணம் என்று பெயர் வைக்கிறோம். விதியை மாற்றினால் குணம் அன்றைக்கே மாறிவிடாது, அதையும் பார்த்தேன். பழைய புள்ளி கொஞ்ச நாள் காலை இழுக்கும். ஆனால் அதே களம், அதே பெண்கள், அதே மழை. முதல் மழைக்கும் இரண்டாவது மழைக்கும் நடுவே அவர்களுக்குள் புது ரத்தம் யாரும் ஏற்றவில்லை.

ஒரு களம் சோசலிசம் ஆகிவிடாது என்பதும் எனக்குத் தெரியும். அந்தக் கேட்டுக்கு வெளியே அலுமினியப் பவுடரின் விலையை வேறு யாரோ தீர்மானிக்கிறார்கள். சரக்கின் விலையை வடக்கே யாரோ தீர்மானிக்கிறார்கள். பக்கத்துக் கம்பெனியில் இன்னும் புள்ளி வைத்துக்கொண்டுதான் ஓடுகிறார்கள். ஒரு சங்கம் எத்தனை நாள் தனியாக நனையாமல் இருக்க முடியும்? அதனால்தான் ஒரு களத்தோடு நிறுத்தக் கூடாது என்கிறேன். மில், பிரஸ், பஸ், நிலம், ஆஸ்பத்திரி எல்லாவற்றிலும் புள்ளியைச் சுரண்ட வேண்டும். அந்தப் பெண்கள் யாரும் புத்தகம் படித்து அதைச் செய்யவில்லை. ஒரு மழையில் தோற்றுப் பார்த்து, உட்கார்ந்து பேசி, வெயிலில் ஒத்திகை பார்த்துச் செய்தார்கள். ஒரு நாட்டுக்கும் அதற்கு மேல் மந்திரம் தேவையில்லை.

புதிதாக நிருபர் வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். 'மனித இயல்பு' என்று காப்பியில் எழுதக் கை போகும்போதெல்லாம் நிறுத்துங்கள். அங்கே கூலி எதற்குக் கொடுக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு மேலே எழுதுங்கள்.

இரண்டாவது மழை அன்று எஸ்.டி.டி. பூத்திலிருந்து ராஜாமணி சாருக்குப் போன் செய்தேன். நனைந்த சட்டையோடு நின்று நடந்ததைச் சொன்னேன். அவர் செய்தியாளர், கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"எத்தனை பிரேம் போச்சு?"

"ஒண்ணும் போகல சார்."

"சரி. யாரு யாரோடத எடுத்தா? பேரு போட்டுக் கட்டம் கட்டுனா பாக்ஸ் ஐட்டம் ஆகும்."

"நானும் கேட்டேன் சார். அவுகளுக்கே தெரியல."

"அப்படியே எழுது," என்றார். "தலைப்பு நீயே வையி."